நூற்றுக்கு நான்கு

மாத்தளை திருகோணமலை வீதியில், இத்ரூஸ் முதலாளியின் மேசைக்கு நேரெதிரே, வீதியின் மறுகரையில் ஒரு பலகை தொங்கியது. பொன்னிறச் சட்டமிட்ட பலகை. அதன் தலைமாட்டில் ஒரு சிறு மின்விளக்கு. பட்டப்பகலிலும் அது எரிந்தது. ‘முழுப்பயன் நிறுவனம்: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று’ என்று பலகையில் பொறிக்கப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் சீரகத்துக்கும் பெருஞ்சீரகத்துக்கும் வேறுபாடு காணத் தடுமாறுகிற இத்ரூஸ், அந்தப் பலகையின் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியின்றியே வாசித்தார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய நாற்பது முறை வாசித்தார்.

பலகை தொங்கிய கடை முஸம்மிலுடையது. முஸம்மில், இத்ரூஸின் தங்கை ஜஸ்லாவை மணந்தவர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் இத்ரூஸின் வாசனைத் திரவியக் கடையில் மிளகு புடைத்து, கராம்புக் காம்பு பொறுக்கி, தொழிலைக் கற்றுக்கொண்டு, மாத்தளை நகரில் வேறு இடமே இல்லாததுபோல நேரெதிரே அதே வியாபாரத்தைத் தொடங்கியவர். அதை இத்ரூஸ் பொறுத்துக்கொண்டார். முஸம்மில் கண்ணாடிக் கதவு போட்டபோதும் பொறுத்துக்கொண்டார். வான் வாங்கியபோது இரண்டு நாள் பசியெடுக்கவில்லை, ஆயினும் பொறுத்துக்கொண்டார். பலகையைத்தான் அவரால் பொறுக்க இயலவில்லை. கண்ணாடிக் கதவும் வானும் முஸம்மிலின் பணத்தில் வந்தவை. பலகையோ பிறர் கொடுத்தது; ஆகவே தமக்கும் கொடுத்திருக்கக்கூடியது.

“ஒங்கட தங்கச்சி வூட்டுக்குத்தானே பேர் வந்தீக்கி. சந்தோசப்படுங்களே” என்றாள் அவருடைய மனைவி ஆதிபா, சோறு பரிமாறியபடி.

இத்ரூஸ் சந்தோஷப்பட முயன்றார். பாதிச் சோறு கோப்பையிலேயே கிடந்தது.

பலகையை வழங்கியது ‘சிறு வணிக முகிற்பயன் ஊக்குவிப்பு நிலையம்’. ஊரார் அதனை முகில் கந்தோர் என்றனர். ‘முகில்’ எனப்படும் இணையத்தின் வழியாக மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் அலுவலக மென்பொருளைச் சிறு கடைக்காரர்கள் வாங்குகிறார்களே தவிர முழுவதும் பயன்படுத்துவதில்லை என்ற பெருங்கவலையிலிருந்து பிறந்த நிலையம் அது. ஒவ்வொரு கடையிலும் எத்தனை கருவிகள் திறக்கப்பட்டன, எத்தனை முறை, எத்தனை பேரால் என்பவற்றை அது இருந்த இடத்திலிருந்தே எண்ணியது. எண்ணி வந்த தொகையைப் பயன்வீதம் என்று அறிவித்தது. எதற்காகத் திறக்கப்பட்டன என்பதை மட்டும் அது எண்ணுவதில்லை.

இத்ரூஸின் கடைக்கும் அந்த மென்பொருள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. வாங்க வைத்தவள் பிரின்ஸி; கடையின் எழுத்துவேலை முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்த்துவந்தவள். அவள் அதில் ஒரே ஒரு தாளைத் திறந்தாள். இடப்பக்கம் கடையில் என்ன சரக்கு எத்தனை கிலோ ஆயத்தமாக இருக்கிறது என்பதை எழுதினாள். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டாள். தம்புள்ளையில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலின் கொள்வனவு மனேஜர் ஸப்வான், திங்கட்கிழமைதோறும் தம் கைத்தொலைபேசியில் அதே தாளைத் திறந்து, வேண்டியதை வலப்பக்கத்தில் எழுதுவார். செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்குப் புறப்படும் பஸ்ஸில் முப்பது கிலோப் பொதி போகும். மூன்று ஆண்டுகளில் ஒரு பொதியும் தவறவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பும் தேவைப்படவில்லை. இத்ரூஸும் ஸப்வானும் ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதேயில்லை. கடை உயிர்வாழ்ந்தது அந்தப் பொதியால்.

பொதியில் பெரும்பகுதி வறுத்த சரக்கு; அதன் உயிர் சவரியம்மாவின் கையில் இருந்தது. எல்கடுவையிலிருந்து முதற் பஸ்ஸில் வந்து, கடையின் பின்புறத்து அடுப்பில் கொத்தமல்லியையும் சீரகத்தையும் மிளகையும் கறிவேப்பிலையையும் அவள் வறுக்கும்போது எழும் மணம், காலை ஆறு நாற்பதுக்கு வீதியைக் கடக்கும். வாசனைத் திரவியம் வாங்குவதில் அந்த வீதிக்கு ஒரு முறைமையும் உண்டு. சரக்கறிந்தவர் கடைக்குள் உடனே நுழையமாட்டார். வாசலில் நிற்பார், பேசமாட்டார். பஸ் புகையை மூக்கு மறந்து கடையின் மணத்துக்குப் பழகுமட்டும் நிற்பார். கடைக்காரரும் அவரை அழைக்கமாட்டார். அழைப்பது மரியாதைக் குறைவு. பத்து நிமிடம் நின்றவர் காலெடுத்து உள்ளே வைத்தால் வியாபாரம் முடிந்தது என்று பொருள்.

அந்த ஆண்டு ஸப்வான் தாளின் வலப்பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அடுத்த வருட ஒப்பந்தத்துக்கு முன், மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் நேரில் வந்து மணம் பார்ப்பேன்.’

அந்த வரி எழுதப்பட்ட வாரத்தில்தான் முகில் கந்தோரிலிருந்து பயன்பாட்டு உயர்த்துநர் ஜெயக்காந்தன் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தட்டைக் கணினி, முகத்தில் இழவு வீட்டுக்கு வந்தவரின் அடக்கம்.

“ஹாஜியார், மனச தைரியப்படுத்திக்கோங்க. ஒங்க பயன்வீதம் நாலு” என்றார்.

ஹஜ்ஜுக்குப் போயிராத இத்ரூஸ் அந்த விளியைத் திருத்தவில்லை. “எத்தனையில நாலு?”

“நூத்துல.”

பிரின்ஸி எழுந்து நின்றாள். “சேர், அந்த ஒரு தாள்லதான் எங்க யாவாரமே ஓடுது.”

“ஓடட்டும் தங்கச்சி, நான் வேணாங்கல. ஆனா இருபத்திரண்டு கருவிக்குச் சந்தா கட்டுறீங்க. ஒண்ணத் தொறக்குறீங்க. மிச்சம் இருபத்தொண்ணும் சும்மா நிக்கம் கெடக்குது. அதுகளப் பத்தி யோசிச்சிருக்கீங்களா?”

“அதெல்லாம் எங்களுக்குத் தேவப்படல சேர்.”

ஜெயக்காந்தன் தட்டைக் கணினியை மேலும் கீழும் தள்ளித் தேடினார். உண்மையாகவே தேடினார். பிறகு நிமிர்ந்து, “தேவைன்னு எங்க படிவத்துல ஒரு கட்டமே இல்லியே” என்றார். “இருபத்திரண்டு அறை வீட்டக் கட்டிப்புட்டு குசினியில மட்டும் குடியிருக்கிறவங்கள நாங்க என்னன்னு சொல்றது? எதிர்ல பாருங்க. முஸம்மில் முதலாளி எல்லா அறையிலயும் லைட்டப் போட்டுட்டாரு.”

போகும்போது கடைக் கதவில் ஒரு சிவப்பு ஒட்டியை ஒட்டிவிட்டுப் போனார். அதில் 4 என்ற இலக்கம் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அதைச் சுரண்டுவது நிலையத்தின் விதிப்படி குற்றம்.

இத்ரூஸ் வீதியின் நடுவே போய் நின்று பார்த்தார். ஸப்வான் தம்புள்ளையிலிருந்து வருவார். ஒரு பக்கம் சிவப்பு நான்கு. மறுபக்கம் விளக்கெரியும் பொன்னிறத் தொண்ணூற்றொன்று. எந்தப் பக்கம் திரும்புவார்? இத்ரூஸ் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி இது. ஆனால் அன்று அவரது நெஞ்சைக் கரித்தது ஸப்வானைப் பற்றிய அச்சம் மட்டுமன்று. எதிர்க்கடை வாசலில் முஸம்மில் நின்று, தலையை ஒருபுறம் சாய்த்து, சிவப்பு ஒட்டியைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“அல்லாஹ் லேசாக்குவான் மச்சான்” என்று வீதியைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

அந்தக் கனிவுதான் இத்ரூஸை முகிலேற்றியது.

மறுநாளே இருபத்திரண்டு கருவிகளும் திறக்கப்பட்டன. காலைதோறும் காணொளிக் கூட்டம் என்று முடிவாயிற்று. கடையின் நீளம் பதினெட்டு அடி. முன்புறத்தில் இத்ரூஸ், நடுவில் பிரின்ஸி, பின்புறத்து அடுப்படியில் சவரியம்மா. மூவரும் மூன்று தொலைபேசிகளில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இத்ரூஸ் பேசினால் அவர் குரல் முதலில் காற்று வழியாகவும் பின்னர் முகில் வழியாகவும் இரண்டு முறை வந்தது. சவரியம்மாவின் தொலைபேசி மிளகாய் மூட்டையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததால், கூட்டத்தில் அவள் சார்பில் கூரைத்தகடே கலந்துகொண்டது.

“மொதலாளி, நான் இங்கிட்டு நிக்கிறேன், நீங்க அங்கிட்டு நிக்கிறீங்க. கூப்புட்டா கேக்குது. இந்த போனு எதுக்குங்க?” என்றது கூரைத்தகடு.

“பயன் வேணும் சவரியம்மா.”

“அதுக்குத்தானுங்களே வறுக்குறேன்.”

பயன்வீதம் பதினேழானது. அடுத்து நாட்காட்டி. தேநீர், பகற்சாப்பாடு, ளுஹர் தொழுகை, மிளகு காயப்போடுதல், காயப்போட்டதை மழைக்கு அள்ளுதல் ஆகிய அனைத்துக்கும் அழைப்புகள் அனுப்பப்பட்டன. அழைப்பை ஏற்றுக்கொண்ட பின்னரே தேநீர் குடிக்க வேண்டும். மழை மட்டும் எந்த அழைப்பையும் எதிர்பாராமல் வந்து இரண்டு மூட்டை மிளகை நனைத்தது. பிறகு படிவம். நூறு கிராம் கராம்பு கேட்டு வந்தவர்கள் கதவில் ஒட்டிய கியூ.ஆர். கட்டக்குறியைத் தொலைபேசியால் படமெடுத்து, பதினொரு கேள்விகளுக்கு விடை எழுதினால்தான் கராம்பு. பல்லேபொலையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, “என்னட்ட போன் இல்ல மகன், பல் வலிக்குது” என்றார். பிரின்ஸி தன் தொலைபேசியில் அவருக்காக எழுதினாள். ஏழாம் கேள்வி, ‘எங்கள் சேவையை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்பது. பெரியம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நண்பர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார்.

பிறகு ‘மஞ்சள்: நேற்று, இன்று, நாளை’ என்ற தலைப்பில் பதினான்கு பக்கக் காட்சியுரை ஒன்று ஆயத்தமானது. அதைப் பார்க்க எவரும் இல்லாததால் இத்ரூஸே மும்முறை பார்த்தார். மும்முறையும் எண்ணப்பட்டது. ஜெயக்காந்தன் தொலைபேசியில் அழைத்து, அச்சிட்டால் இன்னொரு புள்ளி உண்டு என்றார், அச்சிடப்பட்டது. சோதனைக்காக ஐம்பது பிரதிகள்.

நாற்பத்தாறில் வீதம் தேங்கியது. ஜெயக்காந்தன் நேரில் வந்து ஆராய்ந்து, நோயைக் கண்டுபிடித்தார். பிரின்ஸியின் பழைய தாள்தான் நோய்.

“ஒரே தாள்ல எல்லாத்தையும் எழுதிவெச்சா எப்படி ஹாஜியார் வீதம் ஏறும்? ஒரு தடவ தொறந்தா வேல முடிஞ்சிருது. வேல முடிஞ்சா தாள மூடிருறாங்க. மூடுனா எண்ண முடியாது. இத ஓய்வுக்கு அனுப்புங்க. மிளகுக்கு ஒரு தாள், கறுவாவுக்கு ஒரு தாள், சாதிக்காய்க்கு ஒரு தாள்னு இருபத்தாறு சரக்குக்கும் இருபத்தாறு தாள். ஒவ்வொண்ணுக்கும் ஒப்புதல் முறை வேணும். அடுப்புப் பத்தவைக்கவும் ஒப்புதல்.”

“தம்புள்ள ஹோட்டல் மனேஜர் அந்தத் தாள்லதான் சேர் எழுதுவாரு” என்றாள் பிரின்ஸி.

“அவருக்கும் இருபத்தாறு அழைப்பு அனுப்புங்க தங்கச்சி. வெளியாள் சேர்ந்தா ரெட்டிப்புப் புள்ளி.”

பிரின்ஸி இத்ரூஸைப் பார்த்தாள். இத்ரூஸ் எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அனுப்புங்க” என்றார்.

இருபத்தாறு அழைப்புகளுக்கும் ஸப்வானிடமிருந்து பதில் இல்லை. அடுத்த திங்கட்கிழமை எந்தத் தாளின் வலப்பக்கத்திலும் எதுவும் எழுதப்படவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து இருபது பஸ் வெறுமனே போயிற்று. ஒப்பந்தம் பேச நேரில் வரவிருப்பவர் வாராந்தச் சரக்கை நிறுத்திவைத்திருப்பார் என்று இத்ரூஸ் தமக்குத்தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார். அதை நீண்ட நேரம் எண்ணிப்பார்க்க அவருக்கு அவகாசமும் இருக்கவில்லை. ஏனெனில் அந்த வாரம்தான் அவர் தம் வாழ்வின் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார்.

‘நீங்கள் நாள்தோறும் தவறாமல் கவனிக்கும் எதையும் தரவாக்குங்கள்’ என்று நிலையத்தின் கைந்நூல் அறிவுறுத்தியது. நாள்தோறும் தவறாமல் தாம் கவனிப்பது எது என்று இத்ரூஸ் நேர்மையோடு தம்மைக் கேட்டுக்கொண்டார். விடை வீதியின் மறுகரையில் இருந்தது. அன்றே ஒரு தாளைத் திறந்து, ‘மச்சான் கடை’ என்று தலைப்பிட்டார். எத்தனை மணிக்கு யார் உள்ளே போனார், எந்த நிறப் பையோடு வெளியே வந்தார், முஸம்மில் எத்தனை முறை சிரித்தார் என்று எழுதத் தொடங்கினார். அதுவரை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டியவர், மூன்றே நாளில் பார்க்காமல் தட்டினார். தாள் தானாகவே வரைபடம் வரைந்தது. பள்ளிவாசலிலிருந்து திரும்புவோர் வெள்ளிக்கிழமைகளில் முஸம்மிலின் கடையில் கூடுதலாக நுழைவதை அது நீலத் தூணாக எழுப்பிக் காட்டியது. பொறாமைக்கு இப்படி ஒரு கருவி இத்தனை காலமும் சந்தாவுக்குள்ளேயே இருந்ததை அறியாமல் போனோமே என்று இத்ரூஸ் வருந்தினார். வீதம் எழுபதைத் தாண்டியது, எண்பத்தைந்தைத் தொட்டது.

சவரியம்மாவின் ஒப்புதல் கோரிக்கை காலை ஆறு முப்பதுக்கு அவருடைய தொலைபேசிக்கு வரும். அந்நேரம் முஸம்மில் கடை திறப்பார்; இத்ரூஸ் அதைப் பதிவுசெய்துகொண்டிருப்பார். அரைமணி நேரத்தில் கோரிக்கை காலாவதியாகும். அடுப்பு பற்றாது. மீண்டும் விண்ணப்பிக்க மறுநாள்தான் இயலும்.

“வறுக்காத சட்டிய எத்தன நாளுதாங்க கழுவுறது?” என்று சவரியம்மா கேட்டாள். அந்தக் கேள்வி கருத்துப் பெட்டியில் சேர்க்கப்பட்டு ஒரு புள்ளியாயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு, வாராந்த மீளாய்வுக் கூட்டம். திரையில் ஜெயக்காந்தன் பேசிக்கொண்டிருந்தார். பிரின்ஸி தலைகுனிந்து குறிப்பெடுத்தாள். இத்ரூஸ் ஒரு கண்ணைத் திரையிலும் மறு கண்ணை எதிர்க்கடையிலும் வைத்திருந்தார். அப்போது நீலச் சட்டை அணிந்த ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். பேசவில்லை, உள்ளே நுழையவுமில்லை. சும்மா நின்றார். அவருடைய தோள் முஸம்மிலின் கண்ணாடிக் கதவை முழுவதும் மறைத்தது.

இத்ரூஸ் கழுத்தை இடப்பக்கம் வளைத்துப் பார்த்தார். வலப்பக்கம் வளைத்தும் பார்த்தார். இறுதியில் கையசைத்து, “தம்பி, கொஞ்சம் அங்கால நில்லுங்க, மறைக்கிது” என்றார்.

அவர் ஓரடி விலகி நின்றார். இன்னும் சற்று நேரம் நின்று, மூச்சை இழுத்துப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். இத்ரூஸ் அவர் பக்கம் திரும்பாமலே கதவில் இருந்த கட்டக்குறியைச் சுட்டிக்காட்டினார். நீலச் சட்டைக்காரர் கட்டக்குறியைப் பார்த்தார். அதன் மேலிருந்த சிவப்பு நான்கையும் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

மறுவாரம் இத்ரூஸின் வீதம் தொண்ணூற்றொன்று. முஸம்மிலோடு சரிசமம். அன்று அவர் இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டார். மாவட்டப் பாராட்டு விழா ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் என்ற செய்தியோடு ஜெயக்காந்தன் அழைத்தார்.

“ஹாஜியார், இன்னும் ஒம்பது புள்ளிதான். அதையும் எடுத்தா நூறு. அது சக நிறுவனப் பகிர்வுக்கான புள்ளி. ஒங்க தாள் எல்லாத்தையும் இன்னொரு கடையோட பகிரணும், அவங்களும் ஒங்களோட பகிரணும். நீங்க ஒண்ணும் செய்யத் தேவையில்ல. ரெண்டு பேர் சார்பாவும் நானே அமுக்கிட்டேன்.”

“ரெண்டு பேருண்டா, மத்தவர் ஆரு?”

இணைப்பு அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது. நூறு என்ற இலக்கத்தின் அழகில் இத்ரூஸ் அந்தக் கேள்வியை மறந்துபோனார்.

விழாவில் நிலையத்தின் பணிப்பாளர் கமலாட்சி அம்மையார் உரையாற்றினார். அவருடைய குரலில் ஐயம் என்பது எள்ளளவும் இல்லை.

“இம்மாவட்டத்தின் சராசரிப் பயன்வீதம் எட்டிலிருந்து எண்பத்தேழாக உயர்ந்துள்ளது. இதே காலத்தில் முப்பத்தொரு கடைகள் மூடப்பட்டன என்று சிலர் குறை கூறுகின்றனர். அவர்களுக்கு நான் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். மூடப்பட்ட கடைகளிலும் வீதம் குறையவில்லை. வாடிக்கையாளரின் இடையூறு இல்லாமையால் அவை முன்னரைவிடச் சிறப்பாகவே இயங்குகின்றன. வியாபாரம் எமது விடயதானம் அன்று. அது வேறொரு திணைக்களம்.”

பலத்த கரவொலி எழுந்தது. இத்ரூஸும் கைதட்டினார். பக்கத்து நாற்காலியில் முஸம்மில் இன்னும் பலமாகத் தட்டியதால், அவரும் பலத்தைக் கூட்டினார்.

“இப்போது, மாவட்டத்திலேயே மிக அதிகமாகத் திறக்கப்பட்ட ஆவணத்தைத் திரையில் காண்போம்” என்றார் அம்மையார்.

திரை ஒளிர்ந்தது. தலைப்பு: ‘மச்சான் கடை’.

முஸம்மில் சிரித்த எண்ணிக்கை, ஜஸ்லா கடைக்கு வந்து போன நேரம், எவரெவரின் பை எந்த நிறம் என்ற அனைத்தும் இப்போது மண்டபத்தின் சுவரளவுக்கு விரியப்போகின்றன. தங்கையின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? இத்ரூஸ் மெல்லத் தலையைத் திருப்பி முஸம்மிலைப் பார்த்தார். முஸம்மிலின் முகமும் வெளிறியிருந்தது. அவர் இத்ரூஸைவிடத் தாழ்வாக நாற்காலியில் அமிழ்ந்துகொண்டிருந்தார்.

“இதே தலைப்பில் இரண்டு ஆவணங்கள் உள்ளன” என்றார் கமலாட்சி அம்மையார் மகிழ்ச்சியோடு. “ஒன்று இத்ரூஸ் முதலாளியுடையது, இரண்டு மாத வயதுடையது. மற்றது முஸம்மில் முதலாளியுடையது; நான்கு ஆண்டு வயதுடையது.”

இரண்டு தாள்களும் அக்கம்பக்கமாக விரிந்தன. முஸம்மிலின் தாள் நீளமானது. அதிலே கதவோ வானோ பலகையோ இல்லை. ஒரு கட்டத்துக்கு ‘வாசம்’ என்று பெயர். நாள்தோறும் ஒரே குறிப்பு: ‘6.40. வந்தது.’ கடந்த மூன்று ஆண்டுகளாகச் செவ்வாய்தோறும் இன்னொரு குறிப்பு: ‘10.20. தம்புள்ளைப் பொதி போனது. மறுபடியும்.’ அடுத்த செவ்வாயிலும் ‘மறுபடியும்’. நான்கு ஆண்டுகளாகத் தாம் எதிர்க்கடையைப் பார்த்து வயிறெரிந்த அதே வேளையில், எதிர்க்கடையும் தம்மைப் பார்த்து அதைவிட ஒழுங்காக வயிறெரிந்திருக்கிறது என்பதைக் கண்டபோது, இத்ரூஸுக்குள் ஓர் இதமான சூடு பரவியது. அந்தச் சூடு சில வரிகளே நீடித்தது. தாள் கீழிறங்கியது.

‘6.40. வாசம் இல்லை.’ ‘வாசம் இல்லை.’ ‘10.20. பொதி போகவில்லை.’ ‘வாசம் இல்லை.’

“ஒரே நிகழ்வு இரு கோணங்களில் பதிவாகியிருக்கும் தரவுச் செழுமையை அவதானியுங்கள்” என்ற அம்மையார், கைக்கோலால் ஒரு வெள்ளிக்கிழமையைத் தொட்டு உரக்க வாசித்தார். “முஸம்மில் முதலாளி எழுதுகிறார்: ‘11.05. தம்புள்ளை ஹோட்டல் வான் நின்றது. மனேஜர் ஸப்வான் இறங்கினார். நீலச் சட்டை. மச்சான் கடை வாசலில் பன்னிரண்டு நிமிடம் நின்றார். உள்ளே போகவில்லை. என் கதவைத் திறந்து வைத்தேன். இங்கும் வரவில்லை.’ இத்ரூஸ் முதலாளி எழுதுகிறார்: ‘11.05. மச்சான் கடைக்கு யாரும் வரவில்லை. மிக்க மகிழ்ச்சி. வாசலில் ஒருவர் நின்று பார்வையை மறைத்தார். விலகி நிற்கச் சொன்னேன்.’”

மண்டபம் சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை, அவர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். இவ்விரு வணிகர்களின் தாளும் இனி மாவட்டத்தின் முன்மாதிரி என்றும், ஒவ்வொரு கடையும் ஓர் எதிர்க்கடையைத் தெரிவுசெய்து நாள்தோறும் பதிவிட வேண்டும் என்றும், ஒரு நாள் தவறினாலும் பலகை பறிக்கப்படும் என்றும், எதிரே கடை இல்லாதவர்களுக்கு நிலையமே ஒன்றை ஒதுக்கித்தரும் என்றும் அறிவித்தார். நூறு என்று பொறித்த இரண்டு பலகைகள் வழங்கப்பட்டன. ஒன்றை வாங்க எழுந்து நடந்தபோது இத்ரூஸ் மீண்டும் மீண்டும் எண்ணியது ஒன்றைத்தான். பன்னிரண்டு நிமிடம். அந்த வீதியில் நாற்பது ஆண்டு கடை நடத்தியவர், வாசலில் பேசாமல் நின்றவர் யார் என்பதை அறியாமல் போனார்.

மண்டபத்து வெளிவாசலில் இருவரும் தத்தம் பலகையை மார்போடு அணைத்தபடி நின்றனர்.

“நாலு வருசமா என்ட கடைய எண்ணிக்கிட்டா இருந்தீங்க?” என்றார் இத்ரூஸ்.

“நீங்க எண்ணல்லியா?”

“நான் ரெண்டு மாசம்தான்.”

“அப்ப நான்தான் சீனியர்” என்ற முஸம்மில், சற்றுத் தணிந்து, “அடுப்ப ஏன் மச்சான் நிப்பாட்டினீங்க? என்ட யாவாரமும் பட்டுப்போச்சு” என்றார்.

“என்ட அடுப்புக்கும் ஒங்கட யாவாரத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“நான் எதுக்கால கட போட்டதே அதுக்குத்தானே. வாசம் ஒங்கட, காத்து என்ட பக்கம். அந்த வாசத்துல நின்டுதான் என்ட சரக்க வாங்கிட்டுப் போற ஆக்கள். அந்த மனேஜருக்கு அண்டைக்கு ரெண்டு பக்கமும் ஒண்டும் மணக்கல்ல.”

இத்ரூஸ் பதினெட்டு ஆண்டு மணத்தையும் மனத்துக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு கடைப் பக்கம் நடந்தார்.

திங்கட்கிழமை காலை சவரியம்மா அடுப்படியில் கைகட்டி நின்றாள். “ஒப்புதல் வந்துருச்சுங்களா மொதலாளி?”

“பத்தவைங்க சவரியம்மா.”

“படிவம்?”

“அதப் போட்டுப் பத்தவைங்க.”

பிரின்ஸி எவரையும் கேளாமல் பழைய தாளை ஓய்விலிருந்து மீட்டாள். ஓய்வில் இருந்ததால் ஜெயக்காந்தனின் பகிர்வு அதைத் தொட்டிருக்கவில்லை. இத்ரூஸ் நீண்டதொரு மன்னிப்பைச் சொல்லச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இடப்பக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: ‘வறுக்கத் தொடங்கிவிட்டோம்.’ பகல் கழிந்து, அஸர் தொழுகையும் முடிந்த பிறகு வலப்பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ‘பத்துக் கிலோ அனுப்புங்கள். மீதி இருபதும் வேறு கடைக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் வந்து வாசலில் நின்று பார்க்கிறேன். மறைக்காத இடத்தில் நிற்பேன்.’

முப்பது பத்தாகிவிட்டது. இத்ரூஸ் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு எதிரே பார்த்தார். முஸம்மில் தம் மேசையில் தொலைபேசியோடு அமர்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நிலையத்தின் ஆணைப்படி அவர் இனி ஒரு நாளும் தவறாமல் எழுதியாக வேண்டும். தவறினால் பலகை போய்விடும்.

“பிரின்ஸி, பொதிக்குப் பெரிய பெட்டியே எடுங்க. முப்பது கிலோப் பெட்டி.”

“பத்துக் கிலோவுக்கா மொதலாளி? உள்ளுக்கு ஆடுமே.”

“ஆடாம என்னத்தயாவது அடைங்க.”

‘மஞ்சள்: நேற்று, இன்று, நாளை’ ஐம்பது பிரதிகளும் கசக்கி அடைக்கப்பட்டன. பெட்டி ஆடவில்லை. இத்ரூஸின் பயன்வீதம் அந்த வாரமே நான்குக்கு இறங்கியது. ஜெயக்காந்தன் வந்து பலகையை மீட்டெடுத்துக்கொண்டு, பழைய சிவப்பு ஒட்டியின் மேலேயே புதியதை ஒட்டினார். ஆனால் அது பின்னர் நடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டியைத் தூக்குவதுபோல, இத்ரூஸும் பிரின்ஸியும் இரு முனையிலும் பிடித்து, முனகி, வீதியின் குறுக்கே மெதுவாகத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் இத்ரூஸ் மேசையில் அமர்ந்து தொலைபேசியைத் திறந்தார். ஜெயக்காந்தன் பகிர்ந்துவிட்டதை விலக்கும் வழி ஜெயக்காந்தனுக்கே தெரியாததால், முஸம்மிலின் தாள் இன்னும் அவருக்குத் திறந்தது. இன்றைய வரியில் ஒரு பச்சைக்கோடு துடித்துக்கொண்டிருந்தது. முஸம்மில் எழுதிக்கொண்டிருந்தார்.

‘6.40. வாசம் வந்தது.’

கோடு சிறிது நேரம் அசையாமல் நின்றது. எதிர்க்கடையில் முஸம்மில் நெற்றியைத் தேய்ப்பது தெரிந்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

‘10.20. தம்புள்ளைப் பொதி போனது. பெரிய பெட்டி.’

இத்ரூஸ் காத்திருந்தார். அவர் கண்ணாடி அணிந்திருக்கவில்லை; அது தேவைப்படவுமில்லை.

‘மறுபடியும்.’